கூக்கபராவுக்குக் கொத்துக்கறி வேண்டாம்

போன டிசம்பரில் பிரிஸ்பேனில் உள்ள என் கிளினிக்குக்கு நம் ஊர் அம்மா ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்தார். உள்ளே ஒரு கூக்கபராக் குஞ்சு; கூக்கபரா ஆஸ்திரேலியாவின் மீன்கொத்தி வகைப் பறவை. பொந்தை விட்டு வெளியே வந்த புதிது, நிற்க முடியவில்லை. எக்ஸ்ரேயில் இரண்டு கால் எலும்புகளும் வளைந்திருந்தன.

"இதோட அப்பா அம்மா தினமும் எங்க பால்கனிக்கு வரும் டாக்டர். கொத்துக்கறி வைப்பேன், கையிலேயே வாங்கிக்கும். ஊர்ல காக்காவுக்குச் சோறு வைக்கிற மாதிரிதானே?"

வாங்கியதை அவை தின்னவில்லை, குஞ்சுக்குக் கொண்டுபோயிருக்கின்றன. வெறும் கொத்துக்கறியில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் ரொம்பக் கம்மி; அதனால்தான் எலும்பு வளைந்தது. கூக்கபரா இயல்பாகப் பிடிப்பது பல்லி, எலி, பூச்சி, சின்னப் பாம்பு. பல்லியையும் எலியையும் எலும்போடு முழுசாக விழுங்கிவிடும். கால்சியம் அதிலிருந்துதான் கிடைக்கிறது.

மீன்கொத்திக் குடும்பத்தில் உருவில் பெரியவற்றில் ஒன்று இது, ஆனால் மீன் பிடிப்பது அபூர்வம். நம் ஊர் வெண்மார்பு மீன்கொத்தியும் ஓணான், வெட்டுக்கிளி என்று கரையில் வேட்டையாடுவதைப் பார்த்திருப்பீர்கள். கூக்கபரா கிளையில் அசையாமல் காத்திருந்து, பாய்ந்து பிடித்து, இரையைக் கிளையிலேயே அடித்துத் துவைக்கும். பார்பிக்யூ தட்டிலிருந்து பறித்த சாசேஜையும் விடாது; வெந்துபோனதை மறுபடி கொல்லும்!

விடியலிலும் அந்தியிலும் கேட்கிற, ஆள் சிரிப்பது போன்ற அதன் கூவல், 'இது எங்கள் எல்லை' என்று குடும்பமே சேர்ந்து போடும் சத்தம். கூக்கபரா என்ற பெயரே அந்தச் சத்தத்தை ஒட்டி ஆஸ்திரேலியப் பழங்குடியினரான விராஜுரி மக்களின் மொழியில் பிறந்தது. மூத்த பிள்ளைகள் வருடக்கணக்கில் வீட்டிலேயே தங்கி, தம்பி தங்கைகளை அடைகாக்கவும் இரை ஊட்டவும் உதவும். அதே பொந்துக்குள், இரை போதாவிட்டால், கடைசியாகப் பொரித்த குஞ்சை முன்பிறந்தவை கொத்திக் கொல்வதும் உண்டு. அழகான படம் போடுகிறவர்கள் இதைப் போடுவதில்லை.

எலி மருந்து வைக்கிறவர்களுக்கும் ஒன்று. இரத்தம் உறையவிடாமல் செய்கிற மருந்தைத் தின்ற எலி உடனே சாகாது. சில நாள் தள்ளாடித் திரியும். கூக்கபராவுக்கு அதைவிடச் சுலபமான இரை கிடையாது. பறவைக்கு உள்ளுக்குள் இரத்தம் கசியும். பொறி வையுங்கள், போதும்.

அடிபட்ட பறவை கிடைத்தால் துணி விரித்த பெட்டியில், இருட்டில், சத்தமில்லாத இடத்தில் வையுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தீனியும் வேண்டாம். அப்புறம் கால்நடை மருத்துவரிடமோ உரிமம் பெற்ற காட்டுயிர்ப் பராமரிப்பாளரிடமோ சேர்த்துவிடுங்கள். உரிமம் இல்லாமல் வீட்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்.

அந்தக் குஞ்சைக் காப்பாற்ற முடியவில்லை. அந்த அம்மா இப்போது பால்கனியில் தண்ணீர்த் தொட்டி மட்டும் வைத்திருக்கிறார். தாயும் தகப்பனும் இன்னமும் வந்து கம்பியில் உட்கார்ந்து, அவர் கையையே பார்க்கின்றனவாம்.