இரவல் அட்டவணை, சொந்த உடம்பு

எடைப் பயிற்சி செய்து தோளிலோ முழங்காலிலோ வலி வந்து என்னிடம் வருகிறவர்களிடம், ஒரு பிசியோதெரபிஸ்டாக நான் முதலில் கேட்பது, "இப்போ என்ன பயிற்சி பண்றீங்க, காட்டுங்க" என்பதைத்தான். உடனே போன் வெளியே வரும். அதில் ஒரு ஸ்கிரீன்ஷாட் இருக்கும். திங்கள் மார்பு, செவ்வாய் முதுகு, புதன் தோள் என்று வாரத்துக்கு ஆறு நாள். நாளுக்கு ஆறேழு பயிற்சி. ஒவ்வொன்றுக்கும் நாலு செட், அதாவது இடையில் ஓய்வு விட்டு நாலு சுற்று. ஏதாவது ஒரு வரியைத் தொட்டு, "இது எதுக்கு இங்க இருக்கு?" என்று கேட்டால் வரும் பதில் அநேகமாக ஒன்றுதான்: "அதுல போட்டிருந்துச்சு சார்."

அந்த அட்டவணை தப்பு என்று நான் சொல்வதில்லை. எழுதியவருக்கு அது கச்சிதமாகப் பொருந்தியிருக்கலாம். அவர் பல வருடமாகப் பயிற்சி செய்பவராக இருக்கலாம். அதுவே அவருடைய தொழிலாகவும் இருக்கலாம். அதைக் கடன் வாங்கியவருக்கோ காலையில் வேலைக்கு ஓட வேண்டும், ராத்திரி குழந்தை தூங்கவிடாது, பழைய கணுக்கால் சுளுக்கு ஒன்று பாக்கி இருக்கிறது. இரண்டு நாள் தவறிப்போனால் எதைச் செய்வது, எதை விடுவது என்று அவருக்குத் தெரியாது. விட்டதையெல்லாம் சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஒரேயடியாகச் செய்து முடிப்பார். திங்கட்கிழமை என் முன்னால் உட்கார்ந்திருப்பார். இல்லையென்றால், "நமக்கு இதெல்லாம் சரிப்படாது" என்று மொத்தமாகக் கைகழுவிவிடுவார். அவரை நான் பார்ப்பது பல வருடம் கழித்து, வேறு வலிகளோடு.

தன் அட்டவணையில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் காரணம் சொல்லத் தெரிந்தவரால், தேவைப்படும்போது அந்த வரியை மாற்றவும் முடியும். நான் எதிர்பார்க்கும் சுயசார்பு அவ்வளவுதான். அதற்கு உடற்கூறியல் படிக்க வேண்டியதில்லை.

அடிப்படை விஷயங்கள் ரொம்பக் குறைவு, பழையவையும்கூட. இரண்டாம் உலகப் போரின்போது சிகாகோவில் ஒரு ராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் என்ற இளம் மருத்துவர் இருந்தார். முழங்காலில் அடிபட்டு வந்த சிப்பாய்களுக்கு இலேசான எடையைப் பல தடவை தூக்கவைப்பதுதான் அன்றைய வழக்கம். டிலார்ம் சிறுவயதில் வாதக் காய்ச்சலில் படுத்து, பிறகு எடை தூக்கித் தூக்கியே உடம்பைத் தேற்றிக்கொண்டவர். சிப்பாய்களுக்கும் கனமான எடையைக் கொடுத்தார்; அவர்கள் தேறத் தேற ஏற்றிக்கொண்டே போனார். 1945-ல் இதை எழுதி வெளியிட்டார். 1948-ல் வாட்கின்ஸ் என்பவரோடு சேர்ந்து முறையைச் சுருக்கினார்: ஒருவரால் பத்து முறை மட்டுமே தூக்க முடிகிற எடை எது என்று பார்ப்பது, அதில் பாதியில் ஒரு செட், முக்காலில் ஒரு செட், முழு எடையில் ஒரு செட். "மூணு செட், பத்து ரெப்" (செட்டுக்குப் பத்து முறை) என்று இன்று ஜிம்மில் எல்லோர் வாயிலும் வருகிறதே, அதன் வேர் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது. முழுக் கனம் கடைசி செட்டில் மட்டும்தான் என்ற விஷயம் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

காகிதத்தில் இருந்தது முறை மட்டும். எடை எவ்வளவு என்பதை அந்தந்தச் சிப்பாயின் கால்தான் தீர்மானித்தது. எனக்கு இதில் பிடித்ததே அதுதான்.

"வயசாயிடுச்சு, இனிமே எங்க?" என்பவர்களுக்கு 1990-ல் வந்த ஓர் ஆய்வைச் சொல்வேன். முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கனமான எடையில் கால் பயிற்சி கொடுத்தார்கள். ஒருவர் இடையில் நின்றுவிட்டார். மீதிப் பேரின் கால் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. அந்த வயதிலும் தசை கேட்பது ஒன்றைத்தான்: போன தடவையைவிடக் கொஞ்சம் கூடுதல் வேலை, அப்புறம் தேறிக்கொள்ள நேரம்.

சரி, எழுத உட்காரலாம். எத்தனை நாள்? முக்கியமான எல்லாத் தசைகளுக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது வலுப் பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். புதிதாகத் தொடங்குகிறவருக்கு அந்த இரண்டே போதும்; மூன்றாவது நாள் ஒட்டிக்கொண்டால் சந்தோஷம். என்னென்ன பயிற்சி? உட்கார்ந்து எழுவது, குனிந்து தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது. ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கு வலியில்லாமல் வருகிற ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். தள்ளுவதற்குத் தண்டால், இழுப்பதற்கு இழுபடும் ரப்பர் பேண்ட் அல்லது டம்பெல் என்று கையில் இருப்பதை வைத்தே ஆரம்பிக்கலாம். இதில் ரொம்ப யோசிக்க ஒன்றுமில்லை. "எது சிறந்த பயிற்சி" என்ற வாக்குவாதத்தில் மாதக்கணக்கில் காலம் கழிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரத்தில் சுமாரான பயிற்சியைச் செய்தவர்கள் அவர்களைத் தாண்டிப் போயிருப்பார்கள்.

யோசிக்க வேண்டிய இடம், எவ்வளவு கஷ்டப்படுவது என்பது. நான் சொல்லித்தருவது: ஒவ்வொரு செட் முடிவிலும், "வடிவம் (செய்யும் முறை) கெடாமல் இன்னும் எத்தனை முடியும்?" என்று உங்களையே கேளுங்கள். பதில் இரண்டு அல்லது மூன்று என்றால் சரியான இடத்தில் நிறுத்தியிருக்கிறீர்கள். ஆறு ஏழு என்றால் அது வார்ம்-அப். பூஜ்யம் என்றால் அன்றைய மற்ற பயிற்சிகள் எல்லாம் அடிவாங்கும். புதியவர்கள் இதைத் தப்பாகத்தான் கணிக்கிறார்கள், அதுவும் பெரும்பாலும் ஒரே பக்கமாக. இரண்டுதான் பாக்கி என்பார்கள். இன்னும் ஆறு சுலபமாக வரும். அளவு பிடிபட, ஒரே ஒரு நாள், விழுந்தாலும் ஆபத்தில்லாத ஒரு பயிற்சியில் முடியாத வரைக்கும் போய்ப் பாருங்கள். சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் அதற்கு நல்லது. துணைக்கு ஆளில்லாமல் மார்புக்கு மேலே பார்பெல்லை (இரு முனையிலும் எடை மாட்டும் நீளக் கம்பியை) வைத்துக்கொண்டு இந்தச் சோதனை வேண்டவே வேண்டாம்.

அடுத்தது எடை கூட்டுவது. இங்கேதான் கணக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. 40 கிலோவைச் சுமந்து ஸ்குவாட் (உட்கார்ந்து எழுவது) செய்பவர், பார்பெல்லில் பக்கத்துக்கு 1.25 கிலோ பிளேட் சேர்த்தால் 42.5 ஆகும். கூடுதல் சுமார் 6 சதவீதம். அதே ஆள் 5 கிலோ டம்பெல்லைத் தோளுக்குப் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த டம்பெல் 7.5. அங்கும் "இரண்டரை கிலோதானே" என்று எடுக்கிறார். ஆனால் அது 50 சதவீதம்! கால் தசை 6 சதவீதத்தைக் கண்டுகொள்ளாது. தோளில் இருக்கிற சின்னத் தசைகளுக்குப் பாதிக்குப் பாதி கூடினால் என்ன ஆகும்? உடம்பு ஆட ஆரம்பிக்கும், கழுத்து உதவிக்கு வரும், எடையை வீசித் தூக்குவார். தோள் வலியோடு வருகிறவர்களிடம் இந்தக் கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன்.

அதனால் முதலில் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். 8-ல் ஆரம்பித்து, எல்லா செட்டிலும் 12 வந்த பிறகு எடையை ஏற்றி மறுபடி 8-க்கு இறங்குங்கள். சின்ன டம்பெல் என்றால் 15, 18 வரை போய்விட்டு, முதல் செட்டை மட்டும் புது எடையில் செய்து மீதியைப் பழைய எடையில் முடிக்கலாம். எடையே இல்லாவிட்டாலும் இதே கணக்குதான். தண்டாலுக்குச் சுவர், மேசை, கட்டில் விளிம்பு, தரை என்று கை ஊன்றும் உயரம் குறையக் குறையக் கனம் கூடும்.

எழுபதைத் தாண்டிய ஓர் அம்மா என்னிடம் வந்தபோது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை. நாற்காலியில் இரண்டு தலையணையைப் போட்டு உயர்த்தி, அங்கிருந்து எழுந்து உட்காரச் சொன்னேன். எத்தனை முறை எழுந்தார், எப்படி இருந்தது என்பதை எழுதச் சொன்னேன். கொஞ்ச நாள் கழித்து ஒரு சின்ன டைரியோடு வந்தார்.

"ஒரு தலையணையை எடுத்துட்டேன் டாக்டர். தப்பில்லையே?"

"எதை வச்சும்மா எடுக்கலாம்னு முடிவு பண்ணீங்க?"

டைரியைத் திருப்பிக் காட்டினார். 'எட்டு, மூச்சு வாங்கியது.' 'பத்து, கடைசி ரெண்டு கஷ்டம்.' 'பத்து, லேசு.' மறுபடியும் 'பத்து, லேசு.' அதற்கு அடுத்த வரி: 'ஒரு தலையணை. ஆறு.' ஓரத்தில் இன்னொரு குறிப்பு, காலையில் முட்டி இறுக்கமாக இருப்பதால் சாயங்காலத்துக்கு மாற்றிவிட்டாராம். நான் அதைச் சொல்லவே இல்லை. ஆறு நாள் அட்டவணையைப் போனில் வைத்திருக்கும் இளைஞர்களில் பலருக்கு வராத வேலை இது.

நோட்டில் வேறென்ன எழுதுவது? தேதி, பயிற்சி, எடை, எண்ணிக்கை, இன்னும் எத்தனை பாக்கி இருந்தது, தூக்கம் எப்படி. ஒரு வரி போதும். மாதம் ஒருமுறை பின்னால் புரட்டிப் பாருங்கள். எண்கள் ஏறியிருந்தால் எதையும் தொடாதீர்கள். நின்றுபோயிருந்தால் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள்: ஒரு செட் கூட்டலாம், அல்லது ஓய்வு நாள் ஒன்று சேர்க்கலாம். நாலையும் ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று கடைசிவரை தெரியாது. வாரத்துக்கொரு புது அட்டவணை என்று தாவுகிறவர்களுக்கு நோட்டு எதையும் சொல்லாது.

முதல் சில வாரங்களில் எண்கள் வேகமாக ஏறும். மயங்க வேண்டாம். அதில் பெரும்பங்கு நரம்பு மண்டலம் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை பருப்பது பின்னால்தான். எலும்போடு தசையைப் பிணைக்கும் தசைநாண் இன்னும் மெதுவாகத்தான் பலப்படும். தூக்க முடிகிறது என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்குள் வேகமாக ஏற்றிவிட்டு, முழங்கால் சில்லுக்குக் கீழேயோ முழங்கையின் வெளிப்பக்கமோ வலி என்று வருகிறவர்கள் ஏராளம். பயிற்சிக்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று நாள் வரை தசை கனத்து வலிப்பது சாதாரணம். மூட்டிலோ தசைநாணிலோ வலி என்றால் நான் கொடுக்கும் அளவு இது: வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று நீங்களே போட்டுப் பார்த்து, அது மூன்றுக்குள் இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். வரவில்லையென்றால் எடையைக் குறைத்தாக வேண்டும்.

ஆனால் நோட்டை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரிடம் ஓட வேண்டிய நேரங்களும் உண்டு. கடுமையான பயிற்சிக்குப் பின் சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போனால், தசை சிதைந்து சிறுநீரகத்தைத் தாக்குகிறது என்று அர்த்தமாகலாம், அன்றைக்கே மருத்துவமனை. நெஞ்சு அழுத்தம், மயக்கம், முதுகு வலியோடு கால் மரத்துப்போவது அல்லது சிறுநீரை அடக்க முடியாமல் போவது, இதெல்லாம் காத்திருக்கக் கூடாதவை. இரத்த அழுத்தம், இதய நோய், கர்ப்பம், சமீபத்திய அறுவை சிகிச்சை என்றால் தொடங்கும் முன்பே கேட்டுவிடுங்கள். மூச்சை அடக்கிக்கொண்டு கனம் தூக்கும்போது இரத்த அழுத்தம் நீங்கள் நினைப்பதைவிட மிக அதிகமாக எகிறும்.

டிரெயினரே வேண்டாமா என்றால், தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். வடிவத்தைச் சொல்லித்தரவும் வெளியிலிருந்து பார்க்கவும் ஒரு கண் தேவைதான். "இது ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள். நல்ல டிரெயினர் சந்தோஷமாகச் சொல்வார். கேள்விக்கே எரிச்சல்படுகிறவரிடம் காசு கொடுத்துக் கற்க ஒன்றுமில்லை என்பது என் கருத்து.

கடைசியாக, எல்லோரும் விட்டுவிடும் ஒரு பகுதி. வேலை குவியும் மாதங்களுக்கும் இப்போதே எழுதி வையுங்கள். இரண்டு வாரம் முழுதாக விட்டாலும் வலிமை பெரிதாகக் குறையாது. நெடுநாள் நேரம் இல்லையென்றால் செட்டையும் நாளையும் வெட்டுங்கள், எடையைக் குறைக்காதீர்கள். வாரம் ஒரு நாள் அதே எடையில் ஒன்றிரண்டு செட் செய்தாலே இளவயதினருக்கு வலிமை மாதக்கணக்கில் நிற்கும். வயதானவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். நோயில் படுத்து மாதங்கள் போய்விட்டால் பழைய எடையில் பாதியிலிருந்து தொடங்குங்கள். முதல் தடவையைவிட வேகமாகவே திரும்பி வரும். மற்றதெல்லாம் போனாலும் இருக்க வேண்டிய பயிற்சிகள் எவை என்று உங்கள் பட்டியலில் இரண்டை மட்டும் பென்சிலால் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவர்களுக்கு நான் குறிக்கச் சொல்வது உட்கார்ந்து எழுவதையும் இழுப்பதையும்.