பில் வந்தபிறகு சம்பளம் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை

மாரி தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து ஒரு மேசன் என்னைத் தேடி வந்தார். சட்டைப் பையிலிருந்து சின்னக் கொப்பி ஒன்றை எடுத்து மேசையில் விரித்தார். வியர்வை ஊறி ஓரமெல்லாம் சுருண்டிருந்தது. வேலை செய்த ஒவ்வொரு நாளுக்கும் பென்சிலால் ஒரு கோடு, அரை நாளுக்கு அரைக் கோடு. விரலை வைத்து எண்ணிக் காட்டினார். "இருபத்திமூணு நாள் தம்பி. கேட்டா, பில் வரட்டும் எண்டுறார்."

அது ஓர் அரச கட்டட வேலை. முடித்த வேலைக்கு அரசு தரும் பில் காசு வந்தபிறகுதான் சம்பளம் என்று சொன்னவர் கொந்தராத்துக்காரர். அவரையும் எனக்குத் தெரியும். மோசடிக்காரர் இல்லை, அவர் கையில் உண்மையிலேயே காசு இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நான் கணிய அளவையாளர், கட்டட வேலையின் அளவையும் செலவையும் கணக்கிடுபவன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் சிறிய கொந்தராத்துக்காரர்களுக்கு டெண்டர் விலை போட்டுக் கொடுப்பது என் தொழில். வேலையாட்களின் சம்பளம் தளத்தில் தொலைவதில்லை. டெண்டர் போடும் மேசையிலேயே தொலைந்துவிடுகிறது.

முதலில் சட்டம். 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்க சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் கட்டட வேலைக்கென்று ஒரு சம்பளச் சபை இருக்கிறது. அந்தச் சட்டப்படி, கிழமைச் சம்பளம் என்றால் கிழமை முடிந்து 3 நாளுக்குள் கொடுக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை என்றால் 5 நாள், மாதச் சம்பளம் என்றால் 10 நாள். அரசிடமிருந்து பில் எப்போது வருகிறது என்ற பேச்சே அங்கே இல்லை. பில் என்பது கொந்தராத்துக்காரரான உங்களுக்கும் வேலை தந்த திணைக்களத்துக்கும் உள்ள கணக்கு. மேசன் அதில் பங்காளி அல்ல.

இரண்டாவது, குறைந்தபட்சச் சம்பளம். 2016இல் வந்த தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் 2025இல் திருத்தப்பட்டது. அதன்படி 2026 ஜனவரி 1 முதல் மாதம் 30,000 ரூபா, நாளுக்கு 1,200 ரூபா. ஆனால் 1,200 ரூபாவுக்கு இன்று எந்த மேசன் சாந்தகப்பையைக் கையில் எடுப்பார்? சட்டம் சொல்வது அடிமட்டத்தை மட்டும்தான்.

ஊரில் நடப்பிலுள்ள கூலி வேறு. அமெரிக்காவில் 1931இலேயே டேவிஸ்–பேக்கன் என்ற சட்டம் வந்தது. கூட்டாட்சி அரசின் கட்டுமான வேலை 2,000 டொலரைத் தாண்டினால், அந்தந்த இடத்தில் நடப்பிலுள்ள கூலியைத்தான் கொடுக்க வேண்டும். கிழமைக்கு ஒரு தடவை சம்பளப் பதிவேட்டையும் ஒப்படைக்க வேண்டும். நமது நாட்டில் அப்படியொரு தனிச்சட்டம் இல்லை. ஆனால் அதே கருத்து ஒப்பந்தப் பத்திரத்துக்குள் வந்திருக்கிறது. சர்வதேசக் கடனுதவியில் நடக்கும் வீதி, பாலம், குடிநீர் வேலைகளில் பெரும்பாலும் பிடிக் (FIDIC) என்ற சர்வதேசப் பொறியியல் ஆலோசகர் சம்மேளனத்தின் மாதிரி ஒப்பந்த நிபந்தனைகள்தான். அதில் 6ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். அந்தத் தொழிலுக்கு நிர்ணயிக்கப்பட்ட கூலிக்குக் குறையக் கொடுக்கக் கூடாது. அப்படி நிர்ணயம் இல்லையென்றால், அந்த ஊரில் அதே தொழில் செய்கிற மற்ற முதலாளிமார் கொடுப்பதற்குக் குறையக் கூடாது. கையொப்பம் வைக்கும் பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டியதே இல்லை.

நம் பக்கத்தில் அந்த ஊர்க்கூலி வருடம் முழுக்க ஒன்றாகவும் நிற்காது. பெரும்போக விதைப்பு தொடங்கினால் கையாட்கள் வயலுக்குப் போய்விடுவார்கள். அதே நேரத்தில்தான் டிசம்பர் 31க்குள் நிதியை முடிக்க வேண்டும், மாரிக்கு முன் கொங்கிறீட் போட வேண்டும் என்று எல்லா வேலையும் நெருக்கும். ஆளுக்குத் தட்டுப்பாடு, கூலி ஏறும். மே மாதத்துக் கூலியை வைத்து விலை போட்டவர் நவம்பரில் திண்டாடுவார். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் கிடைக்கிற ஆளைப் படுவான்கரைக்கு ஏற்றி இறக்கும் செலவும் இருக்கிறது. அரசின் விலைப்பட்டியலில் உள்ள கூலியை அப்படியே எடுத்துப் போடாதீர்கள் என்று நான் வருகிறவர்களிடமெல்லாம் சொல்வது இதற்காகத்தான்.

சரி, கணக்கைப் பார்ப்போம். உதாரணத்துக்கு ஒரு மதகு வேலை. மேசன் 2 பேர், ஆளுக்கு 3,500. கையாள் 4 பேர், ஆளுக்கு 2,500. நாளுக்கு 17,000 ரூபா. 40 நாளுக்கு 6,80,000. பெரும்பாலானோர் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். சேமலாப நிதிக்கு (ஈ.பி.எப்.) முதலாளி பங்கு 12 வீதம், 81,600. நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம், 20,400. ஒரு இலட்சத்து இரண்டாயிரம் ரூபா விலையில் ஏறவே இல்லை. அதற்கு மேலே, ஆகக் குறைந்த விலை போட வேண்டும் என்று இன்னும் 5 வீதம் வெட்டுவார்கள். சீமெந்துக் கடைக்காரர் குறைத்துத் தர மாட்டார், கம்பிக்கடைக்காரரும் தர மாட்டார். பிறகு யாருடைய காசில் கை வைப்பது?

"நாள் கூலி ஆட்களுக்கு ஈ.பி.எப். இல்லைத்தானே அண்ணன்?" என்று கேட்காத தம்பிமார் குறைவு. உண்டு. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தற்காலிகம், நிரந்தரம், துண்டு வேலை என்று பிரிக்கவில்லை. முதல் நாளிலிருந்தே உண்டு. பிந்திக் கட்டினால் மேலதிகக் கட்டணம் 5 வீதத்தில் தொடங்கி 50 வீதம் வரை போகும். ஆட்களே தங்கள் பங்கான 8 வீதத்தைச் சம்பளத்தில் வெட்ட வேண்டாம் என்கிறார்கள் என்பதும் நான் கேட்ட கதைதான். அவர்கள் வேண்டாம் என்றாலும் உங்கள் பொறுப்பு நீங்காது. எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடங்களைக் கட்டியவர்கள், 55 வயது தாண்டியும் ஐந்து சதம் சேமலாப நிதி இல்லாமல் சாரத்தில் ஏறி நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பொறுப்பதில்லை.

வேலையை இன்னொருவருக்குக் கைமாற்றிவிட்டால் தப்பலாம் என்ற நினைப்பும் வேண்டாம். ஆள் விழுந்து காயப்பட்டால், தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் மேலே உள்ள பிரதான கொந்தராத்துக்காரர் வரை வரும்.

அந்த மேசனுக்குத் தொழில் திணைக்களத்தில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தேன். கொப்பியின் பக்கங்களைப் போட்டோகொப்பி எடுத்து இணைத்தோம். விசாரணைக்கு அழைத்தார்கள், இரண்டு தவணையில் காசு வந்தது. ஆனால் அங்கே நாங்கள் தடுமாறிய ஓர் இடம் உண்டு. ஒப்பந்தத்தின் சரியான பெயர் என்ன, எந்த நிறுவனத்தின் வேலை, யாருடைய பெயரில் எடுத்தது என்று அவருக்குத் தெரியவில்லை. அரச வேலைத்தளங்களில் இவற்றையெல்லாம் எழுதி ஒரு பலகை நட்டிருப்பார்கள். வேலைக்குப் போகிற முதல் நாளே அதை போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்தால் பலகையையும் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.