டிரான்ஸ்பர் மனு போட்டுவிட்டால் வாய்தாவுக்குப் போக வேண்டாமா?

வழக்கை வேறு நீதிமன்றத்துக்கு மாற்றக் கேட்கும் டிரான்ஸ்பர் மனு உயர் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்டு நம்பர் ஆகிவிட்டது என்றதும், கட்சிக்காரர்கள் பலர் பழைய நீதிமன்றத்தின் வாய்தாவை மறந்துவிடுகிறார்கள். மனு நிலுவையில் இருப்பது வேறு, தடையாணை கிடைப்பது வேறு. இடைக்காலத் தடை இல்லாதவரை வழக்கு அந்த ஊரில்தான் நடக்கும். ஆள் வராவிட்டால் எக்ஸ்பார்ட்டி ஆக்கி ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். பிறகு 30 நாளுக்குள் அதை நீக்கக் கேட்க வேண்டும். நாள் தவறினால் தாமதத்தை மன்னிக்க இன்னொரு மனு. எனவே வழக்கு நடக்கும் ஊரில் முதலில் ஒரு வழக்கறிஞருக்கு வக்காலத்துக் கொடுத்துவிடுங்கள்.

மாற்றத்தை எந்த நீதிமன்றத்தில் கேட்பது என்பதில் பெரிய சிக்கல் இல்லை. உரிமையியல் வழக்கு மாவட்டத்துக்குள்ளேயே மாற வேண்டுமென்றால் மாவட்ட நீதிமன்றம், மாவட்டம் தாண்டினால் உயர் நீதிமன்றம் (உரிமையியல் நடைமுறைச் சட்டம், பிரிவு 24). மாநிலம் தாண்டினால் உச்ச நீதிமன்றம் (பிரிவு 25).

மனு தோற்பது பெரும்பாலும் பிரமாணப் பத்திரத்தில்தான். நாகர்கோவிலில் தாய்வீட்டில் இருக்கும் ஒரு பெண்மீது கணவர் கரூரில் விவாகரத்து வழக்குப் போட்டார். கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் அது. அங்கே வழக்குத் தொடர இந்துத் திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. ஆகவே அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்று வாதாடிப் பயனில்லை. என்னிடம் வந்த வரைவில் "கரூர் சென்றால் என் உயிருக்கு ஆபத்து" என்று ஒரு வரி. வக்கீல் அலுவலகக் கணினிகளில் நிரந்தரமாகக் குடியிருக்கும் வரி அது! யார் மிரட்டியது, எந்தத் தேதியில், காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினீர்களா என்று கேட்டேன். எதுவும் இல்லை. அந்த வரியை அடித்தோம். உண்மையில் இருந்ததை எழுதினோம்: முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம், காலையில் ஆஜராக முந்தைய இரவே பஸ் ஏற வேண்டும், கைக்குழந்தை, துணைக்கு வர வேண்டிய அப்பா வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்பவர். குழந்தையின் பிறப்புச் சான்றும் மருத்துவமனைச் சீட்டுகளும் இணைப்பாகப் போயின. அந்தப் பெண் தொடுத்த ஜீவனாம்ச வழக்கு ஏற்கெனவே நாகர்கோவிலில் நடப்பதையும் சேர்த்தோம். என்னைக் கேட்டால், அதுதான் வலுவான காரணம்.

திருமண வழக்குகளில் பொதுவாக மனைவியின் வசதியைத்தான் பார்க்க வேண்டும் என்று 2022-இல், வேலூர் வழக்கு ஒன்றைச் சென்னைக்கு மாற்றியபோது உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இந்தச் சலுகையைச் சிலர் தவறாகப் பயன்படுத்துகிறார்கள், ஒவ்வொரு மனுவையும் அதன் தகுதியில்தான் பார்ப்போம் என்றும் சொல்லியிருக்கிறது. எதிர்த்தரப்பு இந்த இரண்டாவதைத்தான் வாசிக்கும். பயணச் செலவைத் தருகிறோம், வீடியோ கான்பரன்ஸ் இருக்கிறதே என்றும் கூடவே சொல்லும். பதிலைத் தயாராக வைத்திருங்கள்.

"நீதிபதி எதிர்த்தரப்புக்குச் சாதகமாக இருக்கிறார்" என்று வருபவர்களிடம் மட்டும் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். ஓர் உத்தரவு பாதகமாக வந்தால் மேல்முறையீடோ சீராய்வோதான் வழி. நடுநிலை போய்விட்டது என்று நீதிமன்றம் நம்ப எவ்வளவு தேவை என்பதற்கு ஜெயலலிதா சொத்துக் குவிப்பு வழக்கைப் பாருங்கள். ஆட்சி மாறி அவரே மீண்டும் முதல்வரானபின், ஏற்கெனவே சாட்சியம் சொன்ன 76 பேர் மறுபடி அழைக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் முன்பு சொன்னதை மாற்றிப் பேசினார்கள். அரசுத் தரப்பு அவர்களைப் பிறழ்சாட்சிகளாக (தன்னை அழைத்த தரப்புக்கு எதிராக மாறியவர்களாக) அறிவிக்கக்கூட முயலவில்லை. தி.மு.க. பொதுச் செயலாளர் க. அன்பழகன் இவற்றைப் பதிவேடுகளோடு வைத்த பிறகுதான் 2003 நவம்பர் 18 அன்று வழக்கு பெங்களூருக்கு மாறியது.

குற்ற வழக்குகளுக்கு 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 446 முதல் 448 வரையிலான பிரிவுகள். ஒரே அமர்வுக் கோட்டத்துக்குள் (ஓர் அமர்வு நீதிமன்றத்தின் எல்லைக்குள்) மாற்றம் என்றால் முதலில் அமர்வு நீதிபதியிடம் கேட்டு, அவர் மறுத்த பிறகே உயர் நீதிமன்றம். மனுதாரர் குற்றம் சாட்டப்பட்டவர் என்றால் அரசு வழக்கறிஞருக்கு எழுத்துமூலம் அறிவிப்புத் தர வேண்டும். அதற்குப் பின் குறைந்தது 24 மணி நேரம் கழிந்தால்தான் மனுவின் தகுதியைப் பரிசீலிப்பார்கள். அற்பமான மனு என்று பட்டால், எதிர்த்தவருக்குப் பணம் கொடுக்கும்படி உத்தரவிடவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.