பழைய பெயின்டில் சீலன்ட் கறையா? தின்னரைத் தொடாதீர்கள்

ஐப்பசி மழைக்கு முன்னால் கார் கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் இறங்குகிறது என்று, ஹார்டுவேர் கடையில் இடைவெளி அடைக்கிற சிலிக்கான் சீலன்ட் ட்யூப் ஒன்று வாங்கி வீட்டிலேயே பிதுக்கி விடுகிறார்கள். தை மாதம் அந்த வண்டிகள் எங்கள் தண்டையார்பேட்டை பட்டறைக்கு வரும். கண்ணாடியில் வழிந்தது, விரலால் இழுத்தது, கை பட்டது என்று பானெட் வரைக்கும் திட்டுத்திட்டாக இருக்கும். திட்டோடு வந்தால் கவலையே இல்லை. தின்னரைப் போட்டுத் தேய்த்துவிட்டு வருவதுதான் வயிற்றெரிச்சல். சீலன்ட் அப்படியே இருக்கும், பெயின்ட் போயிருக்கும்.

காய்ந்த சிலிக்கான் தின்னரிலும் கரையாது, பெட்ரோலிலும் கரையாது. பெட்ரோலில் ஊறினால் கொஞ்சம் மெத்தென்று ஆகும், அவ்வளவுதான். பழைய பெயின்ட் அப்படி இல்லை. வருடக்கணக்காக ஓடிய வண்டியில் எங்காவது ஒரு கதவுக்கோ ஃபெண்டருக்கோ என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) பெயின்டில் டச்சப் பார்த்திருக்க வாய்ப்பு அதிகம். அது எத்தனை வருடம் காய்ந்திருந்தாலும் தின்னர் பட்டதும் இளகிவிடும். கம்பெனி பெயின்ட் அதைவிடத் தாங்கும். ஆனால் அதன் மேலிருக்கும் கிளியர் கோட், அதாவது நிறமில்லாத மேல் பூச்சு, பொதுவாக 40, 50 மைக்ரான்தான், தலைமுடியை விட மெல்லிசு. வருடக்கணக்கில் வெயில் குடித்த பிறகு அதற்கும் பழைய பலம் இருக்காது.

அதனால் முதலில் பெயின்ட் எது என்று பாருங்கள். டிக்கியின் உள் விளிம்பு மாதிரி கண்ணில் படாத இடத்தில், வெள்ளைப் பனியன் துணியில் கொஞ்சம் பாலிஷ் தொட்டுத் தேய்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் மேலே கிளியர் கோட் இல்லை, நேரடி பெயின்ட். டச்சப் பார்த்த பேனலை அதிலேயே ஒரு ஓரத்தில் தனியாகச் சோதிக்க வேண்டும்.

அடுத்தது பசை. பிசுபிசுவென்று கையில் ஒட்டும் கறுப்பு பியூட்டைல் பசையோ தாரோ என்றால், துணியில் மண்ணெண்ணெய் நனைத்து ஒற்றி எடுத்தாலே பெரும்பாலும் வந்துவிடும். உடனே சோப்புத் தண்ணீரில் கழுவிவிடுங்கள். ரப்பர் மாதிரி இழுபட்டால் அநேகமாகச் சிலிக்கான். அதைக் கையால்தான் எடுக்க வேண்டும், குறுக்கு வழி இல்லை.

வண்டியை நிழலில் நிறுத்தி, தகரம் சூடு ஆறிய பிறகு நன்றாகக் கழுவுங்கள். நம் பக்கம் மணலி, எண்ணூர் சாலையின் கண்டெய்னர் லாரிப் புழுதியும் அனல் மின் நிலையச் சாம்பலும் படிந்திருக்கும். அதோடு தேய்த்தால் உப்புத்தாள் போட்ட மாதிரிதான். தடித்த திட்டாக இருந்தால், காசிமேட்டில் கிடைக்கும் தூண்டில் நரம்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டு, திட்டுக்கு அடியில் கொடுத்து மெல்ல முன்னும் பின்னும் அறுங்கள். மேல் பகுதி பாளமாகக் கழன்று வரும். மிச்சத்தைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுக்கலாம், பிளாஸ்டிக் அட்டையால் படுக்கை வாட்டில் தள்ளலாம். பிளேடு வேண்டாம். சூடு காட்டுவதும் சிலிக்கானுக்குப் பயன்படாது. தகரமும் பெயின்டும்தான் சூடாகும்.

கடைசியில் எண்ணெய் மாதிரி ஒரு மங்கல் நிற்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைத்தால் அதில் பெரும்பகுதி போய்விடும். என்சி பெயின்டில் இதையும் ஓரத்தில் பார்த்துவிட்டுத்தான் செய்ய வேண்டும்.

அதற்குப் பிறகும் தெரியும் தடத்தில்தான் பலர் பெயின்டைக் கெடுத்துக்கொள்கிறார்கள். மெரூன் கார் வைத்திருக்கும் ஒருவர், "அண்ணே, இன்னும் கறை போகலையே, நல்லா தேய்ங்க" என்றார். விரலை வைத்துப் பார்க்கச் சொன்னேன், வழவழவென்று இருந்தது. சீலன்ட் மூடியிருந்த இடத்தில் வெயில் படாததால் பழைய மெரூன் அப்படியே இருந்தது, சுற்றிலும்தான் வெளுத்திருந்தது. அந்த இடத்தைத் தேய்த்தால் நல்ல பெயின்டைத் தேய்க்கிறோம். சுற்றியிருப்பதை மென்மையான பாலிஷால் கொஞ்சம் கொஞ்சமாக எழுப்பினால் வித்தியாசம் குறையும். முழுசாக மறையும் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. கிளியர் கோட் ஏற்கெனவே உரிய ஆரம்பித்திருந்தால் பாலிஷும் வேண்டாம்.

அந்தப் பேனலுக்கு மறுபடி பெயின்ட் அடிப்பதாக இருந்தால், இங்கே சிலிக்கான் இருந்தது என்று பெயின்டரிடம் சொல்லிவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத மிச்சம் இருந்தால்கூடப் புதுப் பெயின்ட் அந்த இடத்தில் ஒதுங்கிக் குழி குழியாக நிற்கும்.

பிதுக்கும்போது வினிகர் வாசனை அடிக்கும் சிலிக்கானாக இருந்தால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அது காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவரும். பெயின்ட் உடைந்து தகரம் தெரியும் இடத்தில் பட்டிருந்தால் அடியில் துரு பிடித்திருக்கலாம், கடல் காற்றில் அது சீக்கிரம் பரவும். திட்டை எடுத்ததும் பழுப்பு தெரிந்தால் அன்றைக்கே துருவைச் சுரண்டி பிரைமர் போட்டுவிடுங்கள்.

இப்போதைய கார்களில் முன் கண்ணாடியின் விளிம்புக்கு அடியில் கெட்டியான கறுப்பு ரப்பர் மாதிரி ஒன்று இருக்கும். அது பாலியூரித்தேன் பசை, கண்ணாடியைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான். தூண்டில் நரம்பை அங்கே விடாதீர்கள். பெயின்ட் மேல் வழிந்ததை மட்டும் எடுங்கள். தண்ணீர் இறங்குவது நிற்கவில்லை என்றால் கண்ணாடி வேலை செய்பவரிடம் காட்டுங்கள்.