வெப்மெயில் லாகின் பக்கம் வந்த பிறகுதான் வேலை

திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி செய்கிற ஓர் அலுவலகத்திலிருந்து ஒரு சனிக்கிழமை மாலை அழைப்பு வந்தது. "சார், பையர் பணம் அனுப்பிட்டேன்னு சொல்றாங்க. எங்க கணக்குக்கு வரவே இல்லை" என்றார் கணக்குப் பார்ப்பவர். வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக அந்தப் பையருக்கு ஒரு மெயில் போயிருந்தது. இவர்களுடைய டொமைன், இவர்களுடைய சர்வர், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த பேச்சுக்குப் பதிலாகவே போன மெயில். எழுதியது மட்டும் இவர்கள் இல்லை.

அவருடைய வெப்மெயிலைத் திறந்து ஃபில்டர் பக்கத்துக்குப் போனேன். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு புள்ளி வைத்த ஃபில்டர் ஒன்று இருந்தது. அந்தப் பையர் அனுப்பும் மெயில் எல்லாம் படித்துவிட்டதாகக் குறிக்கப்பட்டு, யாரும் எட்டிப் பார்க்காத ஒரு ஃபோல்டருக்குப் போகும்படி எழுதியிருந்தார்கள். கணக்கு மாறியது உண்மைதானா என்று பையர் இரண்டு முறை கேட்டிருக்கிறார். இரண்டு கேள்விகளும் அந்த ஃபோல்டரில் கிடந்தன. இரண்டுக்கும் பதிலும் போயிருந்தது.

பாஸ்வேர்டு எப்படிப் போனது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. யார் எப்போது நுழைந்தார் என்று சர்வர் பதிந்துவைக்கும் லாக் கோப்புகள் நான்கு வாரம் வரைதான் இருந்தன. ஆள் உள்ளே வந்தது அதற்கு முன்னால். ஆனால் வெப்மெயிலின் நிலையைப் பார்த்தபோது, திறந்து கிடந்த வழிகள் ஒன்றிரண்டு இல்லை. நான்கு வருடங்களுக்கு முன் யாரோ ஒருவர் ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் மென்பொருளை நிறுவி, லாகின் பக்கம் வந்ததும் கணக்கை முடித்துக்கொண்டு போயிருக்கிறார். அதற்குப் பிறகு அதைத் தொட்டவர் இல்லை. சிறு நிறுவனங்களில் இதே நிலையைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். வெப்மெயில் பொதுவாக மெயிலைத் தன்னிடம் வைத்திருப்பதில்லை. நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டை வாங்கிக்கொண்டு, உங்கள் சார்பில், மெயில்களை வைத்திருக்கும் ஐமேப் சர்வரில் நுழைந்து, அங்கே இருப்பதைப் பக்கமாக வரைந்து காட்டுகிறது. அதனால் அலுவலகத்தில் யாரெல்லாம் வெப்மெயில் பயன்படுத்துகிறார்களோ அத்தனை பேருடைய பாஸ்வேர்டும் அந்த ஒரு மென்பொருள் வழியாகத்தான் போகிறது. கம்பெனியின் இணையதளத்தை ஒருவர் உடைத்தால் முகப்புப் படம் மாறும். இதை உடைத்தால் எல்லோருடைய கடிதமும் அவர் கையில்.

ரவுண்ட்கியூபை வைத்துச் சொல்கிறேன், நம்மூரில் வாடகை ஹோஸ்டிங்கிலும் சொந்த சர்வரிலும் அதிகம் காண்பது அதைத்தான். பிஎச்பியில் எழுதப்பட்டது, 2005-இல் தொடங்கிய திட்டம். டேட்டாபேஸ் மரியாடிபி, போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட் எதுவாக இருந்தாலும் ஓடும். டெபியன் என்ற லினக்ஸ் வகை ஓடும் சர்வர் என்றால் அதன் பேக்கேஜையே நிறுவுங்கள் என்பேன். டேட்டாபேஸை அதுவே அமைத்துக்கொள்ளும், பாதுகாப்புத் திருத்தங்களும் மற்ற பேக்கேஜ்களோடு சேர்ந்து வரும். அதில் பதிப்பு எண் பழையதாகத் தெரியும், பயப்பட வேண்டாம்: எண்ணை மாற்றாமல் திருத்தத்தை மட்டும் பின்னோக்கிச் சேர்ப்பது டெபியனின் வழக்கம். புதிய வசதிகள் வேண்டுமென்று கோப்பை நேரடியாக இறக்கி விரிப்பவர்கள்தான் கீழே சொல்வதையெல்லாம் கவனமாகச் செய்ய வேண்டும்.

விரித்த ஃபோல்டரை அப்படியே வெப் சர்வரின் வேராக, அதாவது வெளியுலகுக்குத் திறந்த ஃபோல்டராகக் காட்டிவிடுவதுதான் முதல் தவறு. உள்ளே பப்ளிக் எச்டிஎம்எல் என்று ஒரு ஃபோல்டர் தனியாக இருக்கிறது. உலகம் பார்க்க வேண்டியது அதை மட்டும்தான். கான்ஃபிக், லாக்ஸ், டெம்ப் ஆகிய மூன்றும் அதற்கு வெளியே நின்றுவிடும். "எச்டிஅக்சஸ் கோப்பு காப்பாற்றுகிறதே" என்று, யார் எதைத் திறக்கலாம் என்று வெப் சர்வருக்குச் சொல்லும் கோப்பைக் காட்டிச் சிலர் கேட்பார்கள். அப்பாச்சி என்ற வெப் சர்வரில் அமைப்பு அனுமதித்தால் காப்பாற்றும். இன்னொரு வெப் சர்வரான என்ஜின்எக்ஸ் அந்தக் கோப்பைப் படிக்கவே படிக்காது. அப்பாச்சியிலிருந்து என்ஜின்எக்ஸுக்கு மாறிய நாளிலேயே அந்தப் பூட்டு போய்விடுகிறது. பக்கம் வழக்கம்போல வருவதால் யாருக்கும் தெரிவதில்லை.

அப்புறம் கான்ஃபிக் கோப்பு. பிஎச்பி கோப்பு என்பதால் பிரவுசரில் கேட்டால் அதன் உள்ளடக்கம் தெரியாது, வெறும் பக்கம்தான் வரும். ஆனால் எதையாவது மாற்றுவதற்கு முன் அதை ஒரு நகல் எடுத்து, பெயருக்குப் பின்னால் 'பேக்' என்றோ 'ஓல்ட்' என்றோ சேர்த்து அங்கேயே வைப்போமே, அந்த நகல் பிஎச்பியாக ஓடாது. வெறும் எழுத்தாக அப்படியே இறங்கும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு அதில் இருக்கும், சாவியும் இருக்கும். திருப்பூர் சர்வரில் அப்படி இரண்டு நகல்கள் கிடந்தன. உங்கள் கைப்பேசியில், அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, அந்த முகவரிகளை நீங்களே அடித்துப் பாருங்கள். லாக்ஸ் ஃபோல்டரையும் டெம்ப் ஃபோல்டரையும் அதேபோல. எதுவும் திறக்கக் கூடாது.

சாவி என்றேனே, அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நீங்கள் லாகின் செய்திருக்கும் நேரம் முழுவதும் ரவுண்ட்கியூபுக்கு உங்கள் பாஸ்வேர்டு தேவை. ஒவ்வொரு முறை ஃபோல்டரைத் திறக்கும்போதும் ஐமேப்பிடம் அது மறுபடி கொடுத்தாக வேண்டும். அதனால் பாஸ்வேர்டை மறையாக்கி, நீங்கள் உள்ளே இருக்கும் வரை வைத்திருக்கும் குறிப்பான செஷனோடு வைத்துக்கொள்கிறது. வழக்கமான அமைப்பில் இந்த செஷன் இருப்பது டேட்டாபேஸில். மறையாக்கும் சாவி, கான்ஃபிக்கில் 'டெஸ் கீ' என்ற பெயரில் வரும் 24 எழுத்துகள். நிறுவும்போது உதவிக்கு வரும் இன்ஸ்டாலர் வழியாகப் போனால் அது புதிதாக ஒன்றை உருவாக்கித் தரும். மாதிரிக் கோப்பைப் பெயர் மாற்றி அவசரமாக ஏற்றியவர்களிடம், உலகத்துக்கே தெரிந்த அந்த மாதிரிச் சாவியே கடைசி வரை இருந்துவிடுகிறது. டேட்டாபேஸின் ஒரு பேக்கப்பும் இந்தச் சாவியும் ஒருவர் கையில் சேர்ந்தால், அந்த நேரத்தில் உள்ளே இருந்தவர்களின் பாஸ்வேர்டுகளைப் பிரித்தெடுத்துவிடலாம். இப்போதே திறந்து பாருங்கள். மாதிரிச் சாவிதான் என்றால் மாற்றிவிடுங்கள். எல்லோரும் மறுபடி லாகின் செய்ய வேண்டியிருக்கும், அவ்வளவுதான் தொந்தரவு.

இன்ஸ்டாலரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். வேலை முடிந்ததும் கான்ஃபிக்கில் அதை அணைத்துவிட்டு, அந்த ஃபோல்டரையும் நீக்கிவிட வேண்டும். திட்டத்தின் ஆவணமே இதைச் சொல்கிறது, ஆனாலும் விட்டுவிடுகிறார்கள்.

மெயில் சர்வர் வேறொரு இயந்திரத்தில் இருந்தால் ஐமேப் இணைப்பு 993-ஆம் போர்ட்டில் மறையாக்கத்தோடு போக வேண்டும். இங்கேதான் பலரும், சர்வர் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழின் பிழையில் மாட்டுவார்கள். தேடினால் முதலில் கிடைக்கும் தீர்வு, சான்றிதழைச் சரிபார்க்கும் வரியை 'ஃபால்ஸ்' என்று மாற்றிவிடு என்பது. மாற்றினால் உடனே வேலை செய்யும், அதனாலேயே அந்த வரி அங்கேயே தங்கிவிடும். ஆனால் நடுவில் யார் உட்கார்ந்து சர்வர் மாதிரி நடித்தாலும் வெப்மெயில் பாஸ்வேர்டை அவரிடமே கொடுத்துவிடும். பெரும்பாலும் காரணம் எளியது: சான்றிதழ் ஒரு பெயருக்கு வாங்கப்பட்டிருக்கும், கான்ஃபிக்கில் ஐபி எண்ணைப் போட்டிருப்போம். பெயரைப் போட்டால் பிழை போய்விடும். லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் இலவசமாகவே கிடைக்கிறது, தானே புதுப்பித்துக்கொள்ளும்படியும் அமைக்கலாம். பிறகு எதற்கு அந்த வரி?

அனுப்பும் பக்கத்தில், ஒவ்வொருவரும் தன் பெயரிலும் பாஸ்வேர்டிலும் 587-ஆம் போர்ட் வழியாக அனுப்பும்படி அமைக்க வேண்டும். அப்போதுதான் எந்தக் கணக்கு எத்தனை மெயில் அனுப்பியது என்று லாகில் தெரியும், ஒருவர் கணக்கு கைமாறிப் போனால் அதை மட்டும் நிறுத்த முடியும். 25-ஆம் போர்ட்டில் கேள்வியே இல்லாமல் ஏற்றுக்கொள்ளும்படி விட்டால் எல்லா மெயிலும் ஒரே ஆள் அனுப்பியதுபோலத்தான் இருக்கும். இன்னொன்று: ரவுண்ட்கியூபின் தொடக்க அமைப்பில், பயன்படுத்துபவர் தன் அனுப்புநர் முகவரியைத் தானே மாற்றிக்கொள்ளலாம். குடோனில் இருப்பவரின் கணக்கிலிருந்து முதலாளியின் முகவரியில் மெயில் அனுப்ப அது போதும். ஐடென்டிட்டி நிலையை 3 என்று வைத்தால் முகவரியை மாற்ற முடியாது. மெயிலை அனுப்பும் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸிலும் லாகின் பெயரும் அனுப்புநர் முகவரியும் பொருந்தாவிட்டால் மறுக்கும்படி வைக்க வேண்டும், ஏனென்றால் உண்மையான பூட்டு அங்கேதான்.

இணைப்புக் கோப்பு ஏறவில்லை என்பதுதான் பயன்படுத்துபவர்கள் சொல்லும் முதல் குறை. பிஎச்பியின் தொடக்க வரம்பு 2 எம்பி, என்ஜின்எக்ஸில் 1 எம்பி, போஸ்ட்ஃபிக்ஸில் சுமார் 10 எம்பி. மெயிலில் கோப்பு மூன்றில் ஒரு பங்கு பருத்துவிடும், ஆகவே அந்த 10 எம்பிக்குள் 7 எம்பி கோப்புதான் நிம்மதியாகப் போகும். மூன்றையும் சேர்த்து உயர்த்துங்கள்.

இப்போது எனக்கு மிகவும் கவலை தருகிற இடம். பாஸ்வேர்டை மாற்றி மாற்றி முயல்பவர்களைத் தடுக்க, லாகைப் படித்து அவர்களின் ஐபி எண்ணை அடைக்கும் ஃபெயில்டுபேன் போட்டிருக்கிறோம் என்று சொல்வார்கள். அது ஐமேப் சர்வர் மென்பொருளான டவ்காட்டின் லாகைப் படிக்கிறது. ஆனால் வெப்மெயில் வழியாக வரும் முயற்சி எதுவானாலும் டவ்காட்டுக்கு வெப்மெயில் சர்வரின் எண்ணிலிருந்து வந்ததாகத்தான் தெரியும். இரண்டும் ஒரே இயந்திரத்தில் என்றால் அது 127.0.0.1, அதாவது அந்த இயந்திரமே; அதைத் தடுக்கவே மாட்டார்கள். வேறு இயந்திரம் என்றால் வெப்மெயிலின் எண்ணே தடைபட்டு, அலுவலகம் முழுவதும் வெளியே நிற்கும். சரியான வழி, ரவுண்ட்கியூபின் சொந்த லாகைப் படிக்க வைப்பது. அதற்கான ஃபில்டர் ஃபெயில்டுபேனோடு சேர்ந்தே வருகிறது, இயக்கிவிட வேண்டியதுதான். வெற்றி பெற்ற லாகின்களையும் பதியும்படி வைத்து, லாகை ஆறு மாதமாவது வைத்திருங்கள். திருப்பூரில் அது இருந்திருந்தால் எந்த நாளில், எங்கிருந்து என்று காவல்துறைக்குக் காட்டியிருக்கலாம்.

இரட்டைச் சரிபார்ப்புக்கு ரவுண்ட்கியூபில் தனியாக ஒரு ப்ளக்-இன் சேர்க்க வேண்டும். சேருங்கள். ஆனால் ஐமேப் போர்ட் வெளியுலகுக்குத் திறந்திருந்தால், திருடிய பாஸ்வேர்டை அங்கே போட்டு நேரடியாக நுழைந்துவிடலாம், வெப்மெயிலில் கேட்கும் ஆறு இலக்க எண் அவரைத் தடுக்காது.

கடைசியாக அப்டேட். 2023 அக்டோபரில் ரவுண்ட்கியூபில் ஒரு பிழையைத் தாக்குதல்காரர்கள் பயன்படுத்துவதை ஈசெட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் கண்டுபிடித்தது. ஐரோப்பிய அரசு அமைப்புகளைக் குறிவைத்த அந்தத் தாக்குதலில் மெயிலை பிரவுசரில் திறந்து பார்த்தாலே போதும், லிங்க் எதையும் அழுத்த வேண்டியதில்லை. மெயிலுக்குள் ஒளித்த படக் குறிமுறை ஓடி, பெட்டியில் இருக்கும் கடிதங்களை வெளியே அனுப்பிவிடும். ரவுண்ட்கியூப் குழு சில நாட்களிலேயே திருத்தத்தை வெளியிட்டது. 2025 ஜூனில் இன்னும் பெரியது வந்தது: பாதுகாப்புப் பிழைகளுக்குத் தரும் பொது எண்ணில் சொன்னால் சிவிஇ-2025-49113. பத்து வருடங்களுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல் இருந்த பிழை. ஏதாவது ஒரு கணக்கின் பாஸ்வேர்டு கிடைத்தால் போதும், சர்வரிலேயே கட்டளைகளை ஓட்டலாம். 1.6.11, 1.5.10 பதிப்புகளில் சரிசெய்தார்கள். வாட்ச்மேனுக்கு வைத்துக் கொடுத்த எளிய பாஸ்வேர்டு, முழு சர்வரின் சாவியாக மாறிவிடும் என்று பொருள். திருப்பூரில் இருந்தது 1.4 பதிப்பு. இன்னும் சில இடங்களில் ஸ்குவிரல்மெயில் என்ற பழைய வெப்மெயில்கூட ஓடுகிறது. அதன் கடைசி நிலையான வெளியீடு 2011-இல்.

அப்டேட் செய்வது கடினமில்லை. டேட்டாபேஸையும் கான்ஃபிக்கையும் நகல் எடுத்து வெப் ஃபோல்டருக்கு வெளியே வைத்துவிட்டு, புதிய பதிப்போடு வரும் 'இன்ஸ்டால்-டு' ஸ்கிரிப்டை ஓட்டினால் அரைமணி நேரம். 1.6-இல் ஐமேப், எஸ்எம்டிபி சர்வரைக் குறிக்கும் வரிகளின் பெயர்கள் மாறியிருக்கின்றன, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கடினம் வேறு இடத்தில் இருக்கிறது. அப்டேட் வந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? நிறுவியவர் வேலையை விட்டுப் போய்விட்டார், அறிவிப்பு அவருடைய சொந்த மெயிலுக்குப் போகிறது. முதலாளிகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இந்த சர்வரை இன்று யார் பார்த்துக்கொள்கிறார், ஒரு பெயர் சொல்லுங்கள்.

அந்த சனிக்கிழமை இரவே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தோம். ஞாயிற்றுக்கிழமை புதிய இயந்திரத்தில் வெப்மெயிலை நிறுவி, எல்லோருடைய பாஸ்வேர்டையும் மாற்றி, ஒவ்வொருவர் ஃபில்டர் பக்கத்தையும் அவரவரை உட்காரவைத்தே திறந்து பார்த்தோம். இன்னொரு கணக்கிலும் அதே புள்ளி இருந்தது.