வால்வு அறுவை சிகிச்சைக்குப் பின் துடிப்பு தடுமாறும்போது

இதய வால்வை மாற்றியோ சீரமைத்தோ முடித்த இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள், வார்டில் படுத்திருப்பவரின் துடிப்பு திடீரென வேகமெடுத்து ஒழுங்கின்றி ஓடத் தொடங்குவது, சிங்கப்பூரில் இதயப் பிரிவில் பணியாற்றும் எங்களைப் போன்ற தாதியருக்குப் பழகிப்போன ஒன்று. வால்வு அறுவை சிகிச்சை செய்துகொள்வோரில் ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு இது நேர்கிறது. நோயாளிக்கும் குடும்பத்தாருக்கும் அப்படியல்ல. "மிஸ்ஸி, புது வால்வு கழண்டுக்கிச்சா?" என்று கலங்கிய முகத்துடன் கேட்பவர்கள் பலர். பெரும்பாலும் வால்வுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்க, இதயத்தின் மின்னோட்டம்தான் தடம் மாறியிருக்கும்.

இயல்பான துடிப்பு, வலது மேலறையின் உச்சியில் இருக்கும் சைனஸ் கணுவில் தோன்றி, நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை ஒரே சீராகக் கீழிறங்குகிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் எனப்படும் இந்தக் கோளாற்றில், மேலறைகளின் பல இடங்களிலிருந்து நிமிடத்துக்கு 300க்கும் மேற்பட்ட மின்தூண்டல்கள் கிளம்புவதால், அவை சுருங்கி விரிவதற்குப் பதிலாக நடுங்குகின்றன. நடுவே இருக்கும் ஏவி கணு அவற்றில் ஒரு பகுதியை மட்டுமே கீழறைகளுக்கு விடுகிறது. அப்படியும் நாடி 120, 140 என்று ஏறிவிடும். அறுவையின்போது மேலறையில் இடப்பட்ட வெட்டு, இதய உறையின் அழற்சி, உடலில் பெருகும் அட்ரினலின், ரத்தத்தில் குறையும் பொட்டாசியமும் மக்னீசியமும் என்று இதற்குக் காரணங்கள் பல. வயது ஏற ஏற வாய்ப்பும் கூடுகிறது. சிறு வயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்து, மைட்ரல் வால்வு சுருங்கி, ஆண்டுக்கணக்காக அழுத்தம் தாங்கி விரிந்துபோன இடது மேலறை உள்ளவர்களுக்கு, அறுவைக்கு முன்பே இந்தக் கோளாறு இருந்திருக்கவும் கூடும். அத்தகையோரிடம் அது எளிதில் விலகுவதில்லை.

அறுவையால் புதிதாக வந்தது என்றால், பெரும்பாலோருக்கு நான்கு முதல் ஆறு வாரங்களுக்குள் துடிப்பு தானாகவோ மருந்தாலோ சீராகிவிடுகிறது. பீட்டா பிளாக்கர் வகை மருந்து வேகத்தைக் குறைக்கும். அமியோடரோன் தாளத்தை மீட்க உதவும். ரத்த அழுத்தம் சரிந்துவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மின்அதிர்வின் மூலம் துடிப்பைத் திருத்துவார்கள்.

நெஞ்சு படபடப்பதைக் கண்டு அஞ்சுகிறோம், படபடப்பு நின்றதும் எல்லாம் முடிந்தது என்று எண்ணிவிடுகிறோம். வீடு திரும்பியவர்களிடம் நான் அதிகம் காணும் சிக்கல் இதுதான். நடுங்கும் மேலறையில் ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது. அக்கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம். துடிப்பு சீரான பிறகும் மேலறை தன் முழு வலுவுடன் சுருங்கச் சில வாரங்கள் பிடிக்கும் என்பதால், நாடி அமைதியாக இருக்கும் அந்நாட்களிலும் அபாயம் தொடர்கிறது. ஆகவே ரத்தக்கட்டைத் தடுக்கும் மருந்தை மருத்துவர் சொல்லும்வரை நிறுத்தக் கூடாது. உலோக வால்வு பொருத்தியவர்களுக்கோ, துடிப்பு எப்படி இருந்தாலும் அவ்வகை மருந்தான வார்ஃபரின் வாழ்நாள் முழுவதற்குமானது.

"ரத்தப் பரிசோதனையே வேண்டாத புது மாத்திரை இருக்கிறதாமே" என்று ஜொகூரிலிருந்து வந்த மைத்துனர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். உலோக வால்வு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. அத்தகைய மாத்திரைகளில் ஒன்றான டாபிகாட்ரானை வார்ஃபரினுடன் ஒப்பிட்ட ஆய்வு, ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் கூடியதால் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. அதன் முடிவுகள் 2013இல் வெளியாயின.

வார்ஃபரினுடன் அமியோடரோனும் எடுத்துக்கொள்பவர்கள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும். அமியோடரோன் வார்ஃபரினின் வீரியத்தைக் கூட்டி ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்பதைக் காட்டும் ஐஎன்ஆர் அளவை ஏற்றிவிடும். அதை நிறுத்திய பின்னும் அதன் விளைவு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். இதனால்தான் மருந்தாளர் உங்களை அடிக்கடி அழைத்துச் சோதிக்கிறார், அளவை மாற்றுகிறார்; அலைக்கழிக்கிறார் என்று சலித்துக்கொள்ள வேண்டாம். தேக்கா சந்தையில் வாங்கும் கீரையை அறவே விலக்கத் தேவையில்லை, ஆனால் வாரத்துக்கு வாரம் அளவு ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டி அன்போடு கொடுக்கும் டாங் குவாய், ஜின்செங் ஆகிய மூலிகைகள் கலந்த சூப்பையும், நம் வீட்டு நாட்டு மருந்துகளையும் கேட்காமல் தொடக் கூடாது.

பொட்டாசியம் குறையும் என்று கேள்விப்பட்டு இளநீரை நாள்தோறும் வாங்கிக் கொடுக்கும் குடும்பங்களும் உண்டு. சிறுநீரைக் கூட்டும் தண்ணீர் மாத்திரைகளில் பொட்டாசியத்தை வெளியேற்றுபவையும் உண்டு, தேக்கி வைப்பவையும் உண்டு. சிறுநீரகம் பழுதானவருக்குப் பொட்டாசியம் தேங்கி, இளநீரே துடிப்பைக் குலைத்துவிடலாம்.

மெதுவான துடிப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை. இதயத்தின் மின்பாதை அயோர்ட்டா வால்வின் விளிம்பை ஒட்டியே செல்வதால், தையலோ வீக்கமோ அதை அழுத்தும்போது மேலறையின் கட்டளை கீழறையை எட்டாமல் போகலாம். இதற்காகவே அறுவையின்போது இதயத்தின் மேல் தற்காலிக மின்கம்பிகளைத் தைத்து வெளியே விட்டிருப்பார்கள். வீக்கம் வடிந்ததும் பலருக்குப் பாதை திறந்துகொள்ளும். சில நாள் காத்திருந்தும் திறக்காவிட்டால் துடிப்பைத் தூண்டும் கருவியான பேஸ்மேக்கரை நிரந்தரமாகப் பொருத்துவார்கள். வீட்டில் எழுந்து நிற்கும்போது கண் இருண்டு, நாடி 50க்குக் கீழே இருந்தால், "ஓய்வு போதவில்லை" என்று படுத்துக்கொள்வது தவறு. அன்றே மருத்துவமனையைத் தொடர்புகொள்ள வேண்டும்.

நாடியைப் பார்ப்பது எளிது. பெருவிரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல்களை வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள்; 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் வழக்கம் ஒழுங்கற்ற துடிப்பில் ஏமாற்றிவிடும். ரத்த அழுத்தக் கருவியும் அப்போது தடுமாறும் என்பதால் மூன்று முறை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். முதல் சில வாரங்களில் ஓய்விலேயே நாடி 90ஐ ஒட்டி இருப்பது ரத்தசோகையாலும் நேரக்கூடியது, அது சீராக இருந்தால் பதற்றம் வேண்டாம். எண்ணிக்கை 120ஐத் தாண்டிக் குறையாமல் நின்றாலோ, சீராக இருந்த நாடி ஒழுங்கிழந்தாலோ, காய்ச்சலுடன் படபடப்பு வந்தாலோ அடுத்த சந்திப்புநாள் வரை காத்திருக்காதீர்கள்.

மயங்கி விழுதல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல், ஒரு பக்கக் கை தளர்தல், பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது நேர்ந்தாலும், பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) திறக்கட்டும் என்றோ மகன் வேலையிலிருந்து வரட்டும் என்றோ இருக்காமல் உடனே அவசர ஆம்புலன்ஸ் எண்ணான 995ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் பொருத்தியிருப்பது உலோக வால்வா திசு வால்வா என்பதையும், கடைசி வார்ஃபரின் எப்போது எவ்வளவு எடுத்தார் என்பதையும் முதலில் சொல்லுங்கள்.