புறக்கணிப்பா, பேணாமையா?

'சுய புறக்கணிப்பு'. இங்கிலாந்தில் தமிழருக்காக அச்சிட்ட துண்டறிக்கை ஒன்றில் இதை மறுபடியும் படித்தாயிற்று. ஒருவர் தன்னையே எப்படிப் புறக்கணிப்பார்? தன் வீட்டுக் கல்யாணத்துக்குத் தானே போகாமல் இருந்துவிடுவாரா?

ஆங்கிலத்தில் இது 'செல்ஃப் நெக்லெக்ட்' (self-neglect), தன்னைத் தானே கவனித்துக்கொள்ளாமல் விடுவது. மூலச்சொல் நெக்லெக்ட். லத்தீனில் 'எடுத்துக்கொள்ளாமல் விடுதல்' என்று தொடங்கியது, அவ்வளவுதான். இங்கிலாந்தின் 2014 பராமரிப்புச் சட்டத்தில் அதற்குத் தனி எடை உண்டு. பராமரிப்பு தேவைப்படுகிற, அதன் காரணமாகவே தன்னைக் காத்துக்கொள்ள இயலாத ஒருவர், 18 வயதைக் கடந்தவர், கொடுமைக்கோ நெக்லெக்டுக்கோ ஆளாகிறார் என்று சந்தேகிக்க நியாயம் இருந்தால், 42ஆம் பிரிவின்படி அந்தப் பகுதியின் கவுன்சில், அதாவது உள்ளாட்சி மன்றம், விசாரித்தே ஆகவேண்டும். வேளைக்கு மாத்திரை தராதது, போதிய சாப்பாடு இல்லாதது, குளிரில் ஹீட்டர் போடாதது எல்லாம் நெக்லெக்டில் சேரும். கெட்ட எண்ணம் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

இடிப்பது இங்கேதான். புறக்கணிப்புக்கு அசட்டை என்ற பொருள் அகராதியில் உண்டு, சரி. ஆனால் இன்று தேர்தல் புறக்கணிப்பு, கூட்டத்தொடர் புறக்கணிப்பு என்றுதான் காதில் விழுகிறது. தெரிந்தே முதுகைக் காட்டுவது அது. இரண்டு வேலை பார்த்துக்கொண்டே தாயையும் பார்த்துக்கொள்கிற மகளிடம், "நீங்கள் அம்மாவைப் புறக்கணிப்பதாகப் புகார்" என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னால் பேச்சு அதோடு முடிந்தது. இன்னொன்று: பராமரிப்பு ஊழியர் வேண்டுமென்றே செய்யும் நெக்லெக்டை 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனிக் குற்றமாக்கியது. சொல்லிலேயே 'வேண்டுமென்றே' ஒட்டியிருந்தால் அந்த வேறுபாட்டை எங்கே வைப்பது? அலட்சியம் என்பாரும் உண்டு. அது மனப்போக்கு, சட்டம் பார்ப்பது நடந்ததை. கைவிடலும் பொருந்தாது. இந்தியாவின் 2007 பெற்றோர், மூத்த குடிமக்கள் சட்டம் முதியவரை எங்காவது விட்டுவிட்டுப் போவதைத் தண்டிக்கிறது, அதற்குத்தான் அந்தச் சொல். நெக்லெக்டில் ஆள் வீட்டுக்குள்ளேயே இருப்பார், பக்கத்து அறையில் டிவி ஓடிக்கொண்டிருக்கும்.

பேணாமை என்று ஒரு சொல் இருக்கிறது. "யாதொன்றும் பேணாமை பேதை தொழில்" என்கிறது குறள் (833). உடல்நலம் பேணுதல், பெற்றோரைப் பேணுதல் என்று இன்றும் எழுதுகிறோம், ஆகவே புதிதாகக் கற்பிக்கவும் வேண்டாம். தன்னைப் பேணாமை, வேண்டுமென்றே பேணாமை, இரண்டும் இடறாமல் வருகின்றன. குளிக்காமல், மருந்து எடுக்காமல், குப்பை சேர்ந்த வீட்டில் கிடப்பவரைச் 'சுய புறக்கணிப்பாளர்' ஆக்கியவர்கள், அகராதியில் கண்ணில் பட்ட முதல் சொல்லை எடுத்துக்கொண்டு 'சுய' என்று ஒட்டு போட்டவர்கள். சுயசேவை, சுயபடம் வரிசையில் இதுவும்.

வாய்ப்பேச்சில் பேணாமை கொஞ்சம் விறைப்பாகத்தான் ஒலிக்கும். நேரில் கேட்கும்போது பெயர்ச்சொல்லே வேண்டாம்: "உங்களைச் சரியாகக் கவனித்துக்கொள்கிறார்களா, ஐயா?"